எங்கள் கோப்பை ஒரு மனிதர் திறந்து பார்க்கட்டும்

எங்கள் பாடல்களை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பித் தரும் விநியோக நிறுவனத்தின் கலைஞர் ஆதரவுப் பிரிவினருக்கு,

வணக்கம்.

எங்கள் சின்ன இசை லேபிளின் கணக்கும், போலி ஸ்ட்ரீம் என்று சொல்லி நீங்கள் தளங்களிலிருந்து தூக்கிய பாட்டின் விவரமும் உங்கள் கணினியிலேயே இருக்கும். அதனால் பழைய கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. மின்னஞ்சல்களில் எல்லாம் எழுதியாகிவிட்டது. அத்தனைக்கும் ஒரே பதில்தான், ஒரே எழுத்துப்பிழையோடு வந்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் கோப்பை ஒரு மனிதர் திறந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒன்று பாட்டைத் திரும்ப ஏற்றுங்கள், இல்லையென்றால் எந்த ஆதாரத்தில் எடுத்தீர்கள் என்று காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை வெளியான பாட்டு அது. எழுதிப் பாடியவர் வியாசர்பாடித் தம்பி. முதலில் கேட்டதெல்லாம் நம்ம ஆட்கள்தான்: சென்னை, மதுரை, கொஞ்சம் கோலாலம்பூர். அப்புறம் ஒரு காலையில் பார்த்தால், பின்லாந்தில் பாட்டு பிய்த்துக்கொண்டு போகிறது. வியாசர்பாடிச் சந்துகளின் பெயரைக் கேட்டு ஹெல்சின்கி தலையாட்டுகிறது என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கிருந்து ஒருவர்கூடப் பாட்டைச் சேமிக்கவில்லை, தம்பியின் பக்கத்தைப் பின்தொடரவும் இல்லை. எல்லா ஸ்ட்ரீமும் யாரென்றே தெரியாத ஒருவரின் பிளேலிஸ்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன.

போட், அதாவது மனிதருக்குப் பதிலாகத் தானே பாட்டை ஓட்டும் மென்பொருள், வைத்து நடத்தும் பிளேலிஸ்ட் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு கொடுத்தவரின் பாட்டுகளுக்கு நடுவே, சந்தேகம் வராமலிருக்க, சம்பந்தமே இல்லாதவர்களின் பாட்டுகளையும் கலந்து வைப்பார்கள். 30 நொடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் கணக்கில் ஏறும். அதைத் தாண்டியதும் போட் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். நம் பாட்டை யார் எந்தப் பிளேலிஸ்ட்டில் போடுகிறார்கள் என்பதைத் தடுக்க எங்களிடம் எந்தப் பொத்தானும் கிடையாது.

அதனால்தான் அன்றைக்கே உங்களுக்கு எழுதினோம். பிளேலிஸ்ட்டின் லிங்க், ஸ்கிரீன்ஷாட், நகரவாரி எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். தானாக வரும் நன்றிக் கடிதம் ஒன்று வந்தது. அடுத்து வந்தது, 'செயற்கை ஸ்ட்ரீம்' காரணமாகப் பாட்டை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு. கூடவே எங்கள் இருப்பிலிருந்து ஒரு தொகையும் கழிந்திருந்தது. திருட்டுப் போனதென்று புகார் கொடுக்கப் போனவனையே லாக்கப்பில் உட்கார வைத்த கதை.

அந்தத் தொகை எதற்கு என்று தெரியாமல் கேட்கவில்லை. அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் தெரிந்தால் லேபிளிடமும் விநியோகஸ்தரிடமும் பாட்டுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் வழக்கத்தை ஸ்பாட்டிஃபை 2024 இல் கொண்டுவந்தது. போலியை ஒழிக்கத்தான் வேண்டும். தளத்தில் ராயல்டிப் பணம் மொத்தமாகச் சேர்ந்து ஸ்ட்ரீம் விகிதப்படி பிரிவதால், போட்கள் முதலில் தின்பதே எங்களைப் போன்றவர்களின் பங்கைத்தான். ஆனால் தளம் உங்களிடம் பிடிக்கக்கூடிய தொகையை விசாரிக்காமல் எங்கள் தலையில் இறக்குவதும், நமக்கேன் வம்பு என்று பாட்டையே தூக்குவதும் நீங்கள் எடுக்கும் முடிவுகள். அவற்றுக்குத் தளத்தின் மீது பழி போட முடியாது.

'புதிதாகப் பதிவேற்றிக்கொள்ளுங்கள்' என்று யோசனை சொல்கிறீர்கள். பதிவை அடையாளம் காட்டும் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணிலேயே ஏற்றினால்தான் சேர்ந்த எண்ணிக்கை பாட்டோடு திரும்ப வரும். உங்கள் கணினியோ அந்த எண்ணைப் பார்த்ததும் மறுக்கிறது. புது எண் என்றால் மறுபடியும் பூஜ்யம். முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீம் இல்லாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ராயல்டி கிடையாது என்பதும் 2024 இல் வந்த விதிதான். அந்த ஆயிரத்தை உண்மையான காதுகளால் தாண்டிய பாட்டு இது.

சரி, ராயல்டியை விடுங்கள், அது டீச்செலவுக்குக்கூடக் காணாது. லிங்க் போனதுதான் பெரிய அடி. இந்தத் தம்பி பகலில் உணவு டெலிவரி வண்டி ஓட்டுகிறார். ராத்திரி வந்து, பக்கத்து வீட்டுக்காரர் தூங்குவதற்குள் ஒரு வெர்ஸைப் பதிவு செய்துவிட்டுப் போவார். அவருக்குக் காசு வருவது கல்லூரிக் கலைவிழா மேடைகளில்தான். விழா நடத்தும் மாணவர்கள் முதலில் கேட்பது, 'அண்ணா, லிங்க் அனுப்புங்க'. அனுப்பினார். அவர்கள் திறந்தபோது பாட்டு சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. ஏன் எடுத்தார்கள் என்று கேட்டவர்களிடம் அவர் உண்மையைச் சொன்னார்: 'போட் வெச்சு ஓட்டினேன்னு சொல்றாங்க.' மேடை வேறு யாருக்கோ போய்விட்டது. காசு கொடுத்து ஸ்ட்ரீம் வாங்குகிறவன் என்ற பெயர் ஹிப்ஹாப்பில் லேசில் கழுவ முடியாத கறை. நான்தான் எழுதினேன், நான்தான் வாழ்ந்தேன் என்று மார்தட்டி நிற்கும் கலையில் ஒருவனைப் போலி என்று சொல்லிவிட்டு, கையெழுத்தில்லாத ஒரு மின்னஞ்சலோடு நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள்.

தண்டனை அவரோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. லேபிளின் மற்றக் கலைஞர்களின் புது ரிலீஸ்களும் 'ஆய்வில் உள்ளது' என்று தொங்குகின்றன. ஒப்பாரி மெட்டை பீட்டில் ஏற்றி ஒரு பெண் செய்திருக்கும் மூன்று பாட்டு கொண்ட இபி, அதாவது குட்டி ஆல்பம், அதில் ஒன்று. அவருக்கும் ஹெல்சின்கிக்கும் என்ன சம்பந்தம்? வெளியாவதற்கு முந்தைய நாள்களில்தான் ஒரு பாட்டை ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் தொகுப்பாளர்களிடம் முன்வைக்க முடியும். அந்த நாள்களை உங்கள் 'ஆய்வு' தின்றுகொண்டிருக்கிறது.

பெரிய சினிமா ஆடியோ நிறுவனத்தின் பாட்டு ஒன்று அதே பிளேலிஸ்ட்டில் விழுந்திருந்தால் இப்படி ஒரே இரவில் தூக்கியிருப்பீர்களா? கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. படத்துக்கு நாலு வரி ராப் வேண்டுமென்றால் எங்கள் பேட்டைக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள், 'நாளைக்குள்ள முடிச்சிடு தம்பி' என்று. அதே தம்பி சொந்தமாக ஒரு பாட்டு போட்டால், 'தமிழ் ஹிட்ஸ்' என்று தலைப்பிட்ட பிளேலிஸ்ட்டில் சினிமாவுக்கு நடுவே அவரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அவரைத் தாமாகத் தேடி வந்து அள்ளிக்கொண்டவை போட்கள் மட்டும்தான்!

பாட்டு கேட்கும் ஆப்களையும் நம்ப முடியவில்லை. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் கடையை மூடியது, அதே ஆண்டில் விங்க்கும் மூடியது. அங்கே சேர்த்த கேட்பவர்கள் எங்கே போனார்களோ. மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ரா ராப் குழு 2006 இல் தமிழ் ராப் ஆல்பம் கொண்டுவந்தபோது அதை சிடியில் வாங்கியவர்களின் வீட்டுக்கு எந்த விநியோகஸ்தரும் வந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இன்றைக்கு ஒரு பொத்தானில் அது நடக்கிறது. பொத்தானை அழுத்தியவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர்களும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள்தான், அவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. தயவுசெய்து ஒருவரை நியமித்து எங்கள் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். நாங்கள் புகார் அனுப்பிய தேதியையும் நீங்கள் பாட்டை நீக்கிய தேதியையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். தவறு எங்களுடையது என்றால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். இல்லையென்றால் பாட்டைப் பழைய எண்ணிலேயே ஏற்றி, கழித்த தொகையைத் திருப்பி, மற்ற ரிலீஸ்களை விடுவியுங்கள். பதிலின் அடியில் ஒரு பெயர் இருக்கட்டும்.

அந்தப் பிளேலிஸ்ட்டின் லிங்க் எங்கள் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி அனுப்புகிறேன். இதை எழுதும்போதும் பார்த்தேன்: எங்கள் பாட்டு மட்டும்தான் அதில் இல்லை, மற்றபடி அது ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு சிறிய ஹிப்ஹாப் லேபிளின் பொறுப்பாளர்