மேடையும் வேண்டாம், காசோலைப் படமும் வேண்டாம்

மட்டக்களப்பில் டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தை ஒட்டி ஓவிய விற்பனை நடத்தவிருக்கும் ஓவியர்களுக்கும் நுண்கலை மாணவர்களுக்கும்,

வணக்கம். எச்.ஐ.வியோடு வாழும் குடும்பங்களுக்காக உங்கள் படங்களை விற்றுத் தரப்போகிறீர்கள் என்று கேட்டபோது மனம் நிறைந்தது. அந்தக் குடும்பங்களோடு கிளினிக்குக்குத் துணையாகப் போய்வருகிறவள் நான். எங்கள் பக்கம் இந்த நோயின் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நீங்கள் அதை நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். போடுங்கள், இன்னும் பெரிதாகவே போடுங்கள்.

ஆனால் ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "இரண்டு மூன்று குடும்பங்களை மேடைக்குக் கூப்பிடுவோம். காசோலை கொடுக்கிற படம் போட்டால் சனம் நம்பி வாங்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெள்ள நிவாரணம், பள்ளிக் கொப்பி, சைக்கிள் என்று எதைக் கொடுத்தாலும் படம் எடுத்துப் பழகிவிட்டோம். இதில் மட்டும் அது வேண்டவே வேண்டாம்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். குளிசைப் போத்தல் கைக்கு வந்ததும் லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பார். அப்புறம் மூடியைத் திறந்து உள்ளே பஞ்சு திணிப்பார். பஸ் குலுங்கும்போது குளிசைகள் சத்தம் போட்டால், பக்கத்தில் இருப்பவர் "என்ன மருந்து பிள்ளை?" என்று கேட்டுவிடுவார், அந்தப் பயம். வீட்டில் போத்தல் அரிசி வாளிக்குள் இருக்கும். மாமியாருக்குக்கூடத் தெரியாது. இவரையா மேடைக்குக் கூப்பிடுவது?

பயம் வீண் என்று சொல்லிவிட முடியாது. 2016இல் குளியாப்பிட்டியில் என்ன நடந்தது? தகப்பன் எய்ட்ஸில் இறந்தார் என்ற கதை பரவி, ஒரு சின்னப் பையனைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று மற்றப் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். அந்தப் பிள்ளைக்கு நோயே இல்லை.

நான் சொன்ன அம்மாவின் மகளுக்கும் நோய் இல்லை. வயிற்றில் இருக்கும்போதே தாய் மருந்து எடுத்தார். சிகிச்சை இல்லாவிட்டால் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். சிகிச்சை எடுத்தால் அது 5க்கும் கீழே போய்விடும். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. ஊருக்குள் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மண்டையோடும் எலும்புக் கையும் போட்ட பழைய சுவரொட்டிகள்தான். தயவுசெய்து அந்த மாதிரிப் படம் ஒன்றுகூட வைக்காதீர்கள். வாவியை வரையுங்கள், வலை உலர்த்துவதை வரையுங்கள், பிள்ளைக்குத் தலை பின்னும் தாயை வரையுங்கள். இந்தக் குடும்பங்களின் வாழ்க்கையும் அப்படித்தான் இருக்கிறது.

மருந்து இலவசம், பரிசோதனையும் இலவசம். பிறகு காசு எதற்கு என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். பஸ் காசுக்கு என்று சொல்லுங்கள். கிளினிக் நாளில் கூலி வேலைக்குப் போக முடியாதே, அந்த நாள் சம்பளத்துக்கு. பால்மாவுக்கு, முட்டைக்கு. பஸ் காசு இல்லாமல் ஒரு தவணை தவறினால் குளிசை விட்டுப்போகும். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து நின்றால், உடலுறவு மூலம் கணவனுக்கோ மனைவிக்கோ தொற்றாது. அந்தப் பஸ் காசில் அவ்வளவு இருக்கிறது. இதையெல்லாம் நாலு வரியில் எழுதி ஒவ்வொரு படத்தின் பின்புறமும் ஒட்டிவிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது என்பதையும் சேர்த்து.

பெரிய சட்டகப் படங்களோடு அஞ்சலட்டை அளவில் சின்னப் படங்களும் வையுங்கள். டீச்சர்மாரும் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளும் வாங்கட்டும்.

அந்த அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்க வருவதாகச் சொன்னார். வந்தால், அவரைத் தெரியாத மாதிரித்தான் நான் நிற்பேன். அவர் விலை கேட்டால் விலையை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
துணையாகப் போய்வருகிற ஒருத்தி