மூடும் உரிமை யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்வளப் பாதுகாப்பு பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, 2030-க்குள் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பதைக் கட்டுரை விரிவாகவே விளக்கியிருந்தது. எந்தக் கடல், எத்தனை சதுர கிலோமீட்டர் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்தக் கடலில் இறங்கிப் பிழைப்பவர்கள் யார், அதை மீன்பிடிப்புக்கு மூடுவதென்று தீர்மானித்தவர்கள் யார் என்பது மட்டும் 'மக்கள் பங்களிப்புடன்' என்ற சொல்லோடு ஒரே வரியில் முடிந்துவிட்டது. இத்தனைக்கும், பழங்குடி மக்களின் உரிமையையும் உள்ளூர்ச் சமூகங்களின் உரிமையையும் மதித்தே அந்த இலக்கை எட்ட வேண்டும் என்று உடன்பாட்டின் அதே பத்தி சொல்கிறது. விட்டுப்போன அந்தப் பகுதிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் வேசோ மீனவர்கள் வாழும் ஊர்களில் 2004-ல் நடந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. நீர் நன்றாக வற்றும் நாள்களில் பவளத்திட்டின்மேல் நடந்தே போவார்கள். பொந்தின் வாயில் தின்று எறிந்த நண்டோடும் சிப்பியும் குவிந்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அறிந்து, கூரிய கம்பியை விட்டுக் குத்தி எடுப்பார்கள். ஏற்றுமதிக்காக வாங்குவோர் பெருகியதும் பிடிப்பும் பெருகியது. கிடைத்த பேய்க்கணவாயின் அளவு சிறுத்தது. அப்போது ஊரார் கூடி, ஒரு திட்டை மட்டும் சுமார் 7 மாதம் மூடிவைக்க ஒப்புக்கொண்டனர். அந்த உயிரினத்தின் ஆயுள் ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. ஒரே மாதத்தில் எடை ஏறத்தாழ இரட்டிக்கும் பருவமும் அதற்கு உண்டு. ஆகவே பொறுத்திருந்ததன் பலனை அதே ஆண்டில் தராசிலேயே பார்க்க முடிந்தது. அதன்பின் மற்ற ஊர்களும் இரண்டு, மூன்று மாத மூடலைக் கைக்கொண்டன. எட்டாண்டுக் காலத்தில் நடந்த 36 மூடல்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, திட்டைத் திறந்தபின் வந்த 30 நாள்களில் அங்கே பிடிபட்ட எடை, மூடுவதற்கு முந்தைய 30 நாள்களில் பிடிபட்டதைப் போல எட்டு மடங்கு. ஒருவர் ஒரு நாளில் பிடித்ததோ ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊரார் தம் கடல் முழுவதையும் மூடவில்லை. பேய்க்கணவாய் தேடும் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மூடி, மீதியைப் பிழைப்புக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். அதனால்தான் மூடியிருந்த மாதங்களிலும் அவ்வூர்களின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எந்தத் திட்டை மூடினால் அடுப்பு எரியும், எதை மூடினால் அணையும் என்பது தொலைவிலிருந்து கடலை அளப்பவருக்குத் தெரியாது; அங்கே நடந்து தேய்ந்த கால்களுக்குத் தெரியும். இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் 2006-ல் ஒன்றுகூடி அமைத்த 'வெலோந்திரியாகே' என்ற கடற்பகுதி இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே. அந்தப் பெயருக்குக் கடலோடு வாழ்தல் என்று பொருள். 'தீனா' எனப்படும் ஊர்க்கட்டுப்பாட்டில் தண்டம் உள்ளிட்ட விதிகளையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. திறக்கும் நாளன்று வெளியூர்களிலிருந்தும் கூட்டம் வந்து, மாதக்கணக்கில் காத்ததை ஒரே நாளில் வாரிக்கொண்டு போனதுண்டு. படகு உள்ள ஆண்கள் வேறு இடத்துக்குப் போய்விடலாம். திட்டின்மேல் நடந்தே பிழைக்கும் பெண்கள் போக முடியாது. ஆகவே மூடலின் சுமை முதலில் பெண்களின் தலையில் விழுகிறது. தங்கள் கட்டுரையில் 'மீனவர்' என்ற சொல் வந்த இடமெல்லாம் படகேறும் ஆணையே குறித்தது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

பிலிப்பீன்ஸிலுள்ள இரண்டு தீவுகளின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுமிலோன் தீவில் 1974-லேயே மீன்பிடி விலக்குப் பகுதி அமைந்தது. உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலா முன்னின்று நடத்திய முயற்சி அது. 1980-களில் உள்ளூர் ஆட்சி மாறியதும் விலக்கு தளர்ந்து, காத்துவந்த மீன்வளம் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. ஆப்போ தீவிலோ ஊராரிடம் நீண்ட நாள் பேசி, 1982-ல் அவர்களே ஒரு சிறு பகுதியை ஒதுக்கிக் காவல் காத்தார்கள். அது கரையோரம் அரை கிலோமீட்டருக்கும் குறைவான நீளம்தான், ஆனாலும் நிலைத்தது. பின்னர் 1994-ல் அந்தத் தீவு தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது நிர்வாகம் மேலிருந்து அமைந்த வாரியத்தின் கைக்குப் போயிற்று. சுற்றுலாக் கட்டணம் ஊருக்குத் திரும்பி வரத் தாமதமாகிறது, முடிவெடுக்கும் இடத்தில் தங்களுக்கு இடமில்லை என்ற மனக்குறை தீவினரிடையே வளர்ந்தது. முன்னோடி என்று உலகம் கொண்டாடிய ஓரிடத்திலேயே உரிமை இப்படி நழுவ முடியுமென்றால், மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்வது?

இதைப் படித்துவிட்டு, அரசே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். தன் ஊரான் வலையை ஊர்க்கட்டுப்பாடு நிறுத்திவிடும். அடிமண்ணை அரித்து வாரும் இழுவைமடிக் கப்பலை நிறுத்தச் சட்டம்தான் வர வேண்டும். சிலி நாட்டில் 'லோகோ' எனப்படும் கடல்நத்தை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, 1989 முதல் 1992 வரை அதன் பிடிப்பையே முற்றாகத் தடை செய்ய வேண்டியதாயிற்று. 1991-ல் வந்த மீன்வளச் சட்டம், கரையிலிருந்து 5 கடல்மைல் வரையுள்ள பரப்பைச் சிறு மீனவர்களுக்கென ஒதுக்கியதோடு, கடலடியின் குறிப்பிட்ட பகுதிகளை அவர்களுடைய சங்கங்களே நிர்வகிக்கவும் வழிசெய்தது. திருட்டுப் பிடிப்பு இன்னும் அங்கே தலைவலிதான். ஆனால் திருடனைப் பிடிப்பதில் அக்கறை கொண்டவர்கள் இப்போது கரையிலேயே இருக்கிறார்கள்.

'மாற்று வாழ்வாதாரம்' என்ற சொல்லைத் தங்கள் கட்டுரையாளர் சற்று எளிதாகவே கையாண்டிருக்கிறார். கடற்பாசி வளர்த்தால் ஆறு, ஏழு வாரத்தில் அறுவடை என்பது உண்மை. நீர் சூடேறினால் கிளைகள் வெளுத்து ஒடிந்து விழும் நோய் வரும் என்பதும், வாங்குபவர் ஒருவரே இருந்தால் அவர் சொன்னதுதான் விலை என்பதும் அதே அளவு உண்மை. கடலட்டை பகலில் மணலுக்குள் புதைந்து, இருட்டியபின் மேலே வரும். அறுவடைக்கும் அதுவே நேரம், திருடனுக்கும் அதுவே நேரம். அடைப்புக்குள் விட்ட குஞ்சு விற்கும் அளவுக்கு வளர ஓராண்டு வரை ஆகலாம் என்பதால், அத்தனை இரவுகளும் காவல் காக்க வேண்டும். மொரீஷியஸைச் சேர்ந்த ரொத்ரிக்ஸ் தீவில் 2012-ல் பேய்க்கணவாய்ப் பிடிப்பை இரண்டு மாதம் நிறுத்தியபோது, பதிவு பெற்ற மீனவர்களுக்கு அந்தக் காலத்தில் வேறு வேலை கொடுத்துக் கூலியும் வழங்கினார்கள். நாளையே கடலுக்குத் திரும்பப் போகிறவரை வேறு தொழிலுக்கு விரட்டாமல், காத்திருக்கும் காலத்தைக் கடக்க மட்டும் உதவிய ஏற்பாடு அது. எனக்கு அதுவே நேர்மையான வழியாகத் தோன்றுகிறது.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் பிடிபடும் மீனில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறு அளவில் பிடிப்போர் கொண்டுவருவது. மீன்பிடித் துறையை நம்பியிருக்கும் வேலைகளில் பத்தில் ஒன்பதும் அவர்களைச் சேர்ந்தவையே. ஆலோசனைக் கூட்டம் என்று ஒரு நாளைக் குறித்து, அந்த நாள் நீர் வற்றும் வேளையில் அமைந்துவிட்டால், திட்டின்மேல் நிற்கும் பெண் அதற்கு வரமாட்டாள். வருகைப் பதிவேட்டில் ஆண்களின் கையொப்பம் மட்டும் இருக்கும். அதன்பின் அதுவே 'மக்கள் பங்களிப்பு' என்று அறிக்கையில் ஏறும். பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி எதைப் பற்றி அடுத்த கட்டுரை வெளியிட்டாலும், பரப்பளவோடு சேர்த்து, மூடவும் திறக்கவும் தீர்மானித்த கூட்டம் எந்த வேளையில் நடந்தது, அதில் யார் யார் பேசினார்கள் என்பதையும் கேட்டு எழுதும்படி தங்கள் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்