பிளக் குழிக்குள் கழன்று நிற்கும் சாக்கெட்: உங்கள் ஸ்பார்க் பிளக் கிட் குறித்த புகார்

அனுப்புநர்:
கிட் வாங்கிய வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கைக்கருவித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஸ்பார்க் பிளக் கழற்றும் கிட்டின் குறைபாடுகள், விளக்கத் தாளில் உள்ள தவறான இறுக்க அளவு – பணத்தைத் திருப்பித் தரவும் தாளைத் திரும்பப் பெறவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கிட்டின் பெட்டியில் ‘ஆழமான பிளக் குழிகளுக்கு ஏற்றது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். உள்ளே இருக்கும், பிளக்கைப் பிடித்துத் திருகும் 16 மி.மீ. சாக்கெட், அதை நீட்டும் எக்ஸ்டென்ஷன் ராட், கோணம் திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட் மூன்றும் கை எட்டும் இடத்தில் ஒழுங்காக வேலை செய்கின்றன. கை எட்டாத இடத்தில் மூன்றுமே காலை வாருகின்றன. அதைவிட மோசம், கூடவே வைத்திருக்கும் விளக்கத் தாள். அதில் சொன்னபடி இறுக்கினால் பிளக் பூட்டும் இன்ஜின் ஹெட்டே (சிலிண்டர்களின் மேல்மூடி) வீணாகும். அதனால்தான் சுருக்கமாக எழுதாமல் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ. நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். முன்வரிசை நான்கும் பானட்டைத் திறந்ததும் கைக்கு வந்துவிடும். பின்வரிசை நான்கும் வைப்பருக்குக் கீழே மறைந்திருக்கும். வைப்பர் கைகளையும் அவற்றுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியையும் (கவுல்) கழற்றினால்தான் கருவியை நேராக இறக்க இடம் கிடைக்கும். இந்தச் சிரமத்துக்குப் பயந்து முன்னால் உள்ள நான்கை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பிவிடும் வொர்க்‌ஷாப்புகளும் உண்டு.

வேலை முறைப்படியே நடந்தது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் தொட்டேன். சூட்டில் கழற்றினால் ஹெட்டின் அலுமினிய மரை பிளக்கோடு உரிந்து வரும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் போல்ட்டை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றி, காயிலை லேசாகத் திருகி உருவி, குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றிய பிறகே உங்கள் சாக்கெட் இறங்கியது.

பழைய பிளக்குகள் வெளியே வந்துவிட்டன. சிக்கல் புதியதைப் பூட்டும்போதுதான். பிளக் உட்கார்ந்ததும் எக்ஸ்டென்ஷனை மேலே இழுத்தேன். ராட் மட்டும் வந்தது, சாக்கெட் குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. காரணம், ராட் முனையில் சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சிறு குண்டு. விரல் நுனியால் அழுத்தினாலே உள்ளே போய்விடுகிறது, அதன் ஸ்பிரிங்கில் பலமே இல்லை. சாக்கெட்டுக்குள் உள்ள ரப்பரோ பிளக்கின் பீங்கான் பகுதியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. எந்தப் பிடி இறுக்கமாக இருக்க வேண்டுமோ அது தளர்ந்தும், எது தளர்ந்து கொடுக்க வேண்டுமோ அது இறுகியும் இருக்கின்றன. இணைப்பைச் சுற்றி இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் சாக்கெட்டை மீட்க வேண்டியிருந்தது.

அடுத்த குழியில் சாக்கெட் வந்தது, உள்ளிருந்த ரப்பர் வளையம் வரவில்லை. அது பிளக்கின் மேலேயே தொப்பி போல் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்ததால் தெரிந்தது. கறுப்பு ரப்பர், இருட்டுக் குழி. பார்க்காமல் காயிலைச் செருகியிருந்தால் காயிலின் ரப்பர் உறை (பூட்) பீங்கானில் முழுதாக உட்கார்ந்திருக்காது. வண்டி மிஸ் அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் திணறும். குறை காயிலில் என்று நினைத்து நல்ல காயிலைத் தூக்கி எறிவார்கள்.

யுனிவர்சல் ஜாயின்ட்டில் உராய்வே இல்லை, தொங்கிப்போன கழுத்து மாதிரி ஆடுகிறது. குழிக்குள் சாக்கெட் சாய்ந்து, அறுகோணத்தில் சரியாக உட்காராமல் பீங்கானின் மேல் பக்கவாட்டில் அழுத்துகிறது. பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சும்மா ஓடும்போது இன்ஜினும் நன்றாகவே இருக்கும். மேம்பாலம் ஏறும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் மின்பொறி விரிசல் வழியே பிளக்கின் உலோக உடலுக்குத் தாவி மிஸ் அடிக்கும்.

இனி விளக்கத் தாளுக்கு வருகிறேன். ‘மரையில் கிரீஸ் தடவி, எல்லா பிளக்குகளையும் 35 நியூட்டன் மீட்டரில் இறுக்கவும்’ என்று அதில் உள்ளது. இந்த வாக்கியத்தில் இரண்டு தவறுகள். முதலாவது இறுக்க அளவு. 16 சாக்கெட்டில் பொருந்துவதெல்லாம் ஒரே மரை கிடையாது. கார்களில் வரும் 14 மி.மீ. மரைப் பிளக்கும் 16 சாக்கெட்தான். பைக்குகளில் வரும் என்ஜிகே சிஆர்8ஈ போன்ற 10 மி.மீ. மரைப் பிளக்கும் 16 சாக்கெட்தான். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்குப் பொதுவான அளவு 25 முதல் 30, 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20, 10 மி.மீ. பிளக்குக்கு வெறும் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். வண்டியின் சர்வீஸ் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே முடிவு. 10 மி.மீ. பிளக்கில் 35 கொடுத்தால் மூன்று மடங்கு. பிளக் கழுத்து முறிந்து பாதி ஹெட்டுக்குள் நின்றுவிடும்.

இரண்டாவது கிரீஸ். இன்றைய பிளக்குகளின் மரையில் உலோகப் பூச்சு இருப்பதால், எதையும் தடவாதீர்கள் என்றே பிளக் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வழுக்கும் மரையில் உராய்வு குறைவு. இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே மரையின் மேல் விழும் இழுவை கூடிவிடுகிறது. ஹெட்டில் மரை போனால் மரை உறை போட வேண்டும். பின்வரிசையில் அந்த வேலைக்கு ஹெட்டையே இறக்க நேரலாம். டார்க் ரெஞ்ச் இல்லாதவருக்கும் தாளில் வழி சொல்லியிருக்கலாம்: வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக் கைமுறுக்கில் நின்ற பிறகு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு; ஏற்கெனவே பூட்டிய பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று.

ஒரு சாண் ரப்பர் ஹோஸையும் கிட்டில் வைத்திருக்க வேண்டும். பிளக்கின் தலையில் அதைச் செருகிக் குழிக்குள் இறக்கி விரலால் சுற்றினால் மரை நேராகப் பிடிக்கும். கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்குமே தவிர மரை சேதமாகாது. சில ரூபாய் சமாச்சாரம் இது.

என் கோரிக்கைகள்: கிட்டின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். இந்தத் தாளோடு கடைகளில் இருக்கும் கிட்டுகளின் விற்பனையை நிறுத்தி, மரை வாரியாக இறுக்க அளவு அச்சிட்ட புதிய தாளை வைக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இந்தத் தவறைத் தெரிவிக்க வேண்டும்; பணத்தைவிட எனக்கு இதுவே முக்கியம், ஏனெனில் அந்த வரியைப் படித்துவிட்டு இன்றும் யாரோ ஒருவர் ரெஞ்சைக் கையில் எடுப்பார். அடுத்த தயாரிப்பில் ரப்பருக்குப் பதிலாகக் காந்தச் சாக்கெட்டும், பூட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனும், விட்ட கோணத்தில் நிற்கும் ஜாயின்ட்டும் வர வேண்டும்.

சரியான பயன்பாட்டு விளக்கம் தராத தயாரிப்பாளரின் பொறுப்பு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவில் உள்ளது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன்.

இணைப்பு: பில் நகல், விளக்கத் தாளின் நகல், பிளக்கின் மேல் தங்கிய ரப்பர் வளையத்தின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.