பாதிப் புத்தகம் வேண்டாம்

எங்கள் வாசகர் வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதக் கூட்டம் பற்றி வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்தேன். இங்கிலாந்து ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் தன்வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் "போதை தொடர்பான பகுதிகளைத் தவிர்த்து, இசை தொடர்பான பகுதிகளை மட்டும்" பேசலாம் என்று முடிவாகியிருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள், பெற்றோர் சங்கடப்படுவார்கள் என்பது காரணம். ஏன் இப்படி என்று குரூப்பில் கேட்டேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்திராநகர், கோரமங்களா பப்புகளில் பேஸ் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே போதையை எடுத்துவிடுவோம். என்ன மிஞ்சுகிறது? இங்கிலாந்தின் ரிப்ளி என்ற ஊரில், பாட்டியை அம்மா என்றும் பெற்றவளை அக்கா என்றும் நம்பி வளர்ந்த ஒரு பையன். கையில் கிட்டார். இருபது வயதைத் தாண்டுவதற்குள் புகழ். 'கிளாப்டன்தான் கடவுள்' என்று லண்டன் சுவரில் யாரோ கிறுக்கிவிட்டுப் போகிறார்கள். கூட்டம், கார், காதல், காசு. அதோடு புத்தகத்தை மூடிவிட்டால் நம் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்தச் சுவர் எழுத்தை மட்டும்தான். எந்த மயக்கத்துக்குப் பயந்து வெட்டுகிறீர்களோ, வெட்டியபிறகு மிஞ்சுவது அதுவேதான்.

இசையைத் தனியாகப் பிரிக்கவும் முடியாது. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், வங்கதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரி. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் வாசித்த அதே மேடையில் கிளாப்டனும் நின்றார். ஹெராயின் கிடைக்காமல் உடம்பு முறுக்கிக்கொண்டிருந்த நிலையில் நின்றார். உங்கள் அறிவிப்பின்படி அந்த ராத்திரி இசைப் பகுதியா, போதைப் பகுதியா?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வருடம் போலத் தன் வீட்டுக்குள்ளேயே ஹெராயினோடு அடைந்துகிடந்தார். 1973 ஜனவரியில் நண்பர் பீட் டவுன்சென்ட் லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்து அவரை மேடைக்கு இழுத்துவந்தார். 1974-இல் சிகிச்சை எடுத்து ஹெராயினை விட்டார். அந்த இடத்தில் குடி வந்து உட்கார்ந்துகொண்டது. 1982-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஹேசல்டன் குடிமீட்பு மையத்தில் சேர்ந்தார். வெளியே வந்தார், கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார், மறுபடி விழுந்தார். 1986-இல் மகன் கானர் பிறந்தான். 1987-இல் அதே ஹேசல்டனுக்குத் திரும்பிப் போனார். அதற்கப்புறம் குடிக்கவில்லை.

அந்த 'திரும்பிப் போனார்' தான் எனக்கு இந்தப் புத்தகத்திலேயே பெரிய இடம். ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

எங்களோடு வாசிக்கும் டிரம்மர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் செட்டுக்கு முன்னால் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் வாயருகே கொண்டுபோவார். ஒரு கட்டிங் உள்ளே போனபிறகுதான் குச்சி கையில் நிற்கும். அப்புறம் தாளம் இம்மி பிசகாது. பிசகாததால் அதை ஒரு நோயென்று யாரும் நினைக்கவில்லை. பப் தொழிலும் அப்படி. சம்பளக் கவர் மாதக்கணக்கில் இழுக்கும், டிரிங்க்ஸ் மட்டும் கேட்காமலே மேடைக்கு வரும்.

அவர் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அவரை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி, கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கினார். அண்ணன் வாக்கைக் காப்பாற்றினார். அன்றிரவே சுத்தமாக நிறுத்திவிட்டார். ஞாயிறு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தது. குழாயடியில் விழுந்து நெற்றி பிளந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். சத்தியத்தில் ஏதோ குறை, ஆத்தாவுக்குக் கோபம் என்று அம்மா அழுதார்.

ஆத்தாவுக்கு ஒரு கோபமும் இல்லை. வருடக்கணக்காக மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். சிலருக்கு உயிரே போகும். ஹெராயினை விடுவது சித்திரவதை, ஆனால் குடியை மருத்துவர் துணையில்லாமல் சட்டென்று விடுவதில்தான் உயிராபத்து கூட. அதற்கு மருந்து உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவருவார்கள். இது தெரியாமல் எத்தனை வீட்டில் கயிறு கட்டுகிறார்கள்!

பயந்துபோன அண்ணன் மறுபடி குடித்தார். அதோடு 'சத்தியத்தை மீறினவன்' என்று பெயராகி, வீடே கைகழுவிவிட்டது. இன்னொரு தரம் முயலலாம் என்ற பேச்சே யாரிடமும் எழவில்லை. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று ஆட்டோ முதுகில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தப் பொடியைச் சாம்பாரில் கலக்கலாம் என்று ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். நல்லவேளை, யாரும் வாங்கவில்லை. குடியை விடவைக்க டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்தைச் சொல்லாமல் கொடுத்து, அந்த ஆள் அதன்மேல் குடித்துவைத்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. 1982, 1987 கதையை நான்தான் ஒருநாள் ஷோ முடிந்து வயர் சுற்றும்போது தமிழில் சொன்னேன். "கிளாப்டனே ரெண்டு வாட்டி போனாரா?" என்று கேட்டார். அந்த மாதமே பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸுக்குப் போனார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். திரும்பிப் போனார். இன்றும் போய்வருகிறார்.

நீங்கள் வெட்டியது இந்தப் பகுதியைத்தான்.

வெட்டியதில் இன்னொன்றும் போகிறது. 1991 மார்ச்சில் நான்கு வயது கானர் நியூயார்க்கில் 53-ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். அப்போதும் கிளாப்டன் குடிக்கவில்லை. பின்னர் குடிமறந்தோர் கூட்டமொன்றில் அதைப்பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் ஒரு பெண் வந்து, "நான் குடிப்பதற்கு மிச்சம் வைத்திருந்த கடைசிச் சாக்கையும் எடுத்துவிட்டீர்கள்" என்ற பொருளில் சொன்னாராம். தன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்குக் குடிக்கலாம் என்று மனசின் மூலையில் ஒரு சாக்கை அந்தப் பெண் பத்திரப்படுத்தியிருந்தார். சங்கடப்படுகிற பெற்றோரிடம் இதை வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

இந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. இந்த வகைத் தன்வரலாறுகளில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் உண்டு: பிழைத்தவர்கள் மட்டும்தான் எழுதுகிறார்கள். கார்ல் ரேடில் என்று ஒரு பேஸ் கிட்டார்க்காரர். கிளாப்டன் வீட்டுக்குள் முடங்கியிருந்த காலத்தில், தான் புதிதாக வாசித்துக்கொண்டிருந்த இசையை டேப்பில் பதிந்து அனுப்பி, அவரை மறுபடி மேடைக்கு அழைத்தவர். அவரும் குடி, போதை என்று போய்ச் சிறுநீரகம் கெட்டு 1980-இல் 37 வயதில் இறந்தார். அவர் தன்வரலாறு எழுதவில்லை. பேஸ் வாசிக்கிறவர்களைத் தவிர அவர் பெயரை யாரும் சொல்வதுமில்லை. 'விழுந்தாலும் எழுந்துவிடலாம் போல' என்று காலேஜ் பிள்ளை நினைத்துவிடக்கூடாது என்பது உங்கள் பயமென்றால், ரேடில் பற்றிப் பத்து நிமிடம் நானே பேசுகிறேன்.

ஆட்சேபம் சொல்ல வேண்டுமென்றால் இதைவிட வலுவானதும் இருக்கிறது. 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில், போதையில், வெளிநாட்டுக்காரர்கள் வெளியேற வேண்டும் என்று பேசி இனாக் பவல் என்ற அரசியல்வாதிக்கு ஆதரவு கேட்டவர் இதே கிளாப்டன். கறுப்பர்களின் புளூஸ் இசையை வாசித்துப் பெயரெடுத்தவர். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் அவரை முதலிடத்துக்கு ஏற்றியது ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாட்டு. நிறவெறிக்கு எதிராக இங்கிலாந்து ராக் இசைக்காரர்கள் இயக்கமாகத் திரண்டதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படிப்பட்ட பேச்சின் விலை தெரியும். இதைச் சொல்லி யாராவது புத்தகத்தையே எதிர்த்திருந்தால் நான் மரியாதையோடு வாதாடியிருப்பேன். உங்கள் அறிவிப்பில் அது வரவே இல்லை. குடிக்கிற மனிதர் இருக்கிறாரே என்பதுதான் கவலை.

ஒவ்வொரு கூட்டத்தையும் குறள் சொல்லித் தொடங்குகிறோம். அல்சூர் ஏரிக்கரை வள்ளுவரைத் தாண்டித்தான் பாதிப்பேர் வருகிறோம். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறளை இந்தத் தடவை சொல்லலாம். குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் திருத்தப் பார்ப்பது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது மாதிரி என்கிறது 929. குடிக்காமல் இருக்கிற நேரத்தில் குடித்தவன் ஒருவனைப் பார்த்தால், தன் சோர்வும் இப்படித்தானே இருக்கும் என்று நினைக்கமாட்டானா என்று கேட்கிறது 930. அறிவுரை எடுபடாது, பார்க்க விடுங்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு வேறு உரை இருந்தால் கூட்டத்தில் சொல்லுங்கள்.

ஆக, நான் கேட்பது: அறிவிப்பைத் திருத்தி, முழுப் புத்தகம் என்று மறுபடி போடுங்கள். பெற்றோரையும் பிள்ளைகளோடு வந்து உட்காரச் சொல்லுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐப் பலகையில் எழுதிவையுங்கள், யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசுவாரா என்பது அன்றைக்கு அவர் இஷ்டம், யாரும் மைக்கை நீட்ட வேண்டாம். கூட்டத்தை ஞாயிறு பதினோரு மணிக்கு மேல் வைத்தால் நல்லது, எங்கள் இருவருக்கும் சனி ராத்திரி ஷோ இருக்கிறது.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் பேஸ் கிட்டார்க்காரன்