நிர்வாகத் தரப்பு வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், மேடம்.

கம்பெனிகளுக்கு மட்டும் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்வதற்கென்றே சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எச்.ஆர். வேலை பார்த்தவன் நான். உங்கள் அறையில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு, மறுநாள் அதைத் தொழிற்சாலையில் செய்து முடிக்க வேண்டிய ஆள். முதலாளிக்கும் வக்கீல் வேண்டும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நல்ல ஆலோசனை கிடைத்ததால் மூடாமல் தப்பித்த யூனிட்டுகளும் உண்டு.

என் கேள்வி ஒரே ஒரு அறிவுரை பற்றியது: "ராஜினாமா எழுதி வாங்கிவிடுங்கள்."

அது எப்படி நடக்கிறது என்று நீங்கள் நேரில் பார்ப்பதில்லை, நாங்கள் பார்க்கிறோம். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஆளைக் கூப்பிட்டு, செல்போனை வெளியே வைக்கச் சொல்லி, முன்கூட்டியே டைப் செய்த தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால் செட்டில்மென்டும் நல்ல அனுபவச் சான்றிதழும் உண்டு, இல்லையென்றால் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், வரும், அடுத்த கம்பெனியிலும் வேலை கிடைக்காது என்று சொல்லச் சொல்கிறீர்கள். அவர் வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்கிறேன் என்பார். அதற்குக்கூட விடக் கூடாது என்பதுதான் எங்களுக்கு வந்த உத்தரவு. பத்து வருஷம் ஒரே மெஷினில் நின்றவர் அந்த அரை மணி நேரத்தில் என்ன யோசிப்பார் சொல்லுங்கள்?

ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்பது புரியாமல் இல்லை. ராஜினாமா என்றால் ஆட்குறைப்பு இல்லை, ஒரு மாத நோட்டீஸ் இல்லை, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடு இல்லை, கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்தத் தாள் எத்தனை நாள் நிற்கும்? கடிதம், அதை ஏற்கும் கடிதம், கணக்குத் தீர்த்த காசோலை, மூன்றும் ஒரே தேதியில் இருந்தால் முதல் குறுக்கு விசாரணையிலேயே கதை வெளியே வந்துவிடுகிறது. தானாக விலகினார் என்ற வாதம் விழுந்ததும் அது சட்டவிரோதமான ஆட்குறைப்பாகிவிடுகிறது.

சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய் வாங்குகிற, பத்து வருஷம் வேலை செய்த ஒருவரை ஆள் அதிகம் என்று முறைப்படி அனுப்பினால், நோட்டீஸ் சம்பளமும் இழப்பீடும் சேர்ந்து ஏறக்குறைய 1,20,000 ரூபாய். கிராஜுவிட்டி எப்படியும் கொடுக்க வேண்டியதுதான். அதை மிச்சம் பிடிக்கப் போய் வழக்கு ஆறு வருஷம் இழுத்தால் பின்சம்பளம், அதாவது வெளியே நின்ற காலத்துக்கான சம்பளம், மட்டும் 14,40,000, இன்க்ரிமென்ட் சேர்க்காமல். தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தவறாக நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைப்பதுதான் இயல்பான விதி, அவர் எனக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் அதைப் பொய் என்று காட்ட வேண்டியது நிர்வாகம்தான். அப்பீல் போகலாம் என்பீர்கள். போகலாம்தான், ஆனால் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 17பி பிரிவின்படி அப்பீல் முடியும் வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை, ஆளை உள்ளே விடாமலேயே, மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாள் முதலாளி முன்னால் வைத்த வக்கீலை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். வைத்தபோதெல்லாம் முதலாளி கேட்டுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். எச்.ஆர். சொன்னால் எரிச்சல்படுகிறவர், ஃபீஸ் கொடுத்துக் கேட்கிற உங்கள் வார்த்தைக்கு அடங்குவார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்புறம் உள்விசாரணை, ஒருவர் மேல் குற்றச்சாட்டு வந்தால் கம்பெனியே நடத்துகிற விசாரணை. குற்றச்சாட்டு உண்மையாக இருக்கும் வழக்குகளைக்கூட நாம் இதில் தோற்கிறோம். சார்ஜ் மெமோவை டிராஃப்ட் செய்வது உங்கள் ஆபீஸ், விசாரணை அதிகாரியாக வருவது உங்கள் ஆபீஸில் ஜூனியராக இருந்தவர், அறிக்கையை டைப் அடிப்பதும் அங்கேயேதான். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இங்கிலீஷில் நடவடிக்கைக் குறிப்பு கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். தமிழ்நாட்டுப் பிழைப்பூதியச் சட்டம் 1981-ல் வந்தது, சஸ்பென்ஷனில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம். அதையும் ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தி வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வழியில்லாத மனிதரை விசாரணைக்கு ஆஜராகச் சொன்னால் எந்த நீதிபதி அந்த அறிக்கையை ஏற்பார்? திருடியதாக நிரூபணமான ஆள்கூட இந்த ஓட்டைகளால் திரும்பி வந்து நின்றிருக்கிறார், ஒழுங்காக வேலை செய்த மற்ற தொழிலாளிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கம் என்றாலே தள்ளிப்போடு என்று சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள். சாம்சங் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரக் கூடாது என்ற ஆட்சேபம் உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் 2025 ஜனவரியில் சங்கம் அதே பெயரில்தான் பதிவானது. அத்தனை நாள் தொழிலாளி சம்பளம் இழந்தார், கம்பெனி உற்பத்தி இழந்தது.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் அமலுக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளிகளிலிருந்து 300 ஆகிவிட்டது, நீக்கப்பட்டவர் நேரடியாக வழக்குப் போடும் கெடு மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. முதலாளிகளிடம் இந்த இரண்டையும் மட்டும் சத்தமாகச் சொல்லாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பதையும், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ராஜினாமாக் கடிதத்தை உங்கள் கம்ப்யூட்டரில் டைப் செய்து அனுப்பாதீர்கள். ஒருவர் விலக வேண்டும் என்றால் பணத்தைச் சொல்லி, யோசிக்க ஒரு வாரம் கொடுத்து, தமிழில் ஒப்பந்தம் எழுதுங்கள். விசாரணை அதிகாரியை உங்கள் ஆபீஸோடு சம்பந்தமில்லாத இடத்திலிருந்து, முடிந்தால் ஓய்வு பெற்ற தொழிலாளர் துறை அதிகாரிகளிலிருந்து, எடுங்கள். தோற்றால் எவ்வளவு ஆகும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுங்கள். இதில் எது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நினைக்கிறீர்களோ அதை நேராகவே எழுதுங்கள், பேசலாம்.