ஃபோர்க் மாற்றுவதெல்லாம் பந்தாவுக்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டூ-வீலர்களில் கம்பெனி கொடுக்காத பாகங்களை மாட்டி ஓட்டுகிறவர்களைப் பற்றித் தங்கள் வேலூர் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். காது கிழிக்கும் சைலன்சரையும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை வேறு மாடல் வண்டியில் இருந்து எடுத்து மாட்டுவதையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாமே இளவட்டங்களின் பந்தா என்று முடித்துவிட்டீர்கள். சைலன்சருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஃபோர்க் விஷயம் வேறு. வேலூர் சைதாப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறவன், ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்தாவுக்கு வருகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. காட்பாடி பக்கத்துக் கல்லூரிப் பையன்கள், சென்னை புதுப்பேட்டையில் டியூக் வண்டியின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த பைப் மேலே இருக்கும் வகை) வாங்கி, சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவருவார்கள். 43 மில்லிமீட்டர் பைப், பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். அது விபத்தில் அடிபட்ட வண்டியில் இருந்து கழற்றியதா என்று கேட்டால் பதில் வராது. பைப்பை வி-பிளாக் என்ற பள்ளம் வெட்டிய இரும்புக் கட்டையில் வைத்து, முள் காட்டும் டயல் கேஜைத் தொடவிட்டுச் சுற்றினால், வளைவு இருந்தால் முள்ளே சொல்லிவிடும்.

ஆனால் இன்னொரு கூட்டமும் வருகிறது. பழைய யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100, டிரம் பிரேக் புல்லட் வைத்திருப்பவர்கள். முதல் இரண்டும் 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டிகள். ஒடுகத்தூர் பக்கமிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் யெஸ்டியோடு வந்தார். ஃபோர்க் பைப் துருவேறிக் குழிகுழியாக இருந்தது. அந்தப் பைப்பில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை எத்தனை முறை மாற்றினாலும் குழியின் விளிம்பு சீலைக் கிழித்துவிடும், எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கும். ஹார்டு குரோம் பூச்சு ஏற்றலாம் என்றால் பைப்பில் வளைவும் இருந்தது. கடையில் கிடைத்த புதுப் பைப்போ வழுவழுப்பாகவே இல்லை. கடைசியில் டிஸ்க் பிரேக்கோடு ஒரு பல்சரின் முன்பக்கத்தை அப்படியே மாட்டினோம். இதில் எங்கே பந்தா? அவருக்கு வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டினோம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். வேலை முழுவதும் ஸ்டெம் என்கிற தண்டில்தான் இருக்கிறது. ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்திருக்கும் கீழ் டீயில் இருந்து அந்தத் தண்டு மேலே போகும். சேஸிஸ் தலைக்குள் கோன் செட் என்ற பேரிங்கில் உட்கார்ந்து ஹேண்டிலோடு திரும்புவது அதுதான். ஒரு மாடலின் ஸ்டெம் நீளமும் கோன் உட்காரும் இடத்தின் விட்டமும் இன்னொரு மாடலுக்குப் பொருந்துவது அபூர்வம். சோம்பேறி வழி, இரண்டு ஸ்டெம்களையும் பாதியில் அறுத்து ஒட்டி வெல்டு வைப்பது. "வெல்டு வெச்சுக் குடுத்துடுண்ணா, நான் பாத்துக்கறேன்" என்பார்கள். எதைப் பார்த்துக்கொள்வது? முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து, கீழ்க் கோனுக்குப் பக்கத்தில்தான் ஸ்டெம்மை வளைக்கப் பார்க்கும். வெல்டின் சூட்டில் பக்கத்து இரும்பின் குணமே மாறியிருக்கும். மாட்டிய அன்றைக்கே உடைந்தால் பட்டறை வாசலோடு போய்விடும். அது அப்படி உடையாது. கண்ணுக்குத் தெரியாத கீறலாக ஆரம்பித்து, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் இறங்கும்போது விட்டுவிடும்.

சரியான வழிக்கு நேரம் பிடிக்கும். பிரஸ்ஸில் வைத்துப் பழைய ஸ்டெம்மைக் கழற்றி, ஈ.என். 24 என்ற உறுதியான எஃகு ராடில் புதிதாகக் கடைய வேண்டும். டீயின் துளையை விட ஸ்டெம் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கும். டீ அலுமினியம் என்றால் அதைச் சூடாக்கி ஸ்டெம்மை இறக்குவோம், ஆறும்போது அதுவே கவ்விக்கொள்ளும். அப்புறம் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, மட்கார்டு எதிலாவது இடிக்கிறதா என்று பார்க்கிறேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போது, ஃபோர்க் கால் பெட்ரோல் டேங்கைத் தொடுவதற்கு முன்னால் ஸ்டாப்பர் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யூ-டர்ன் அடிக்கும்போது கட்டைவிரல் நடுவில் மாட்டும். 18 அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் 17 வந்தால் மூக்கு தாழ்ந்து, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். அதையும் உயரத்தில் சரிக்கட்ட வேண்டும். (வாத்தியாருக்கு ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் இன்னும் நகரவில்லை. பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.) பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியை நான் தொடுவதே இல்லை. சக்கரத்தில் இருக்கும் வளையத்தின் பல் எண்ணிக்கை மாறினால் அந்தக் கம்ப்யூட்டர் வேகத்தைத் தப்பாகக் கணக்குப் போடும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் அதையே உறுதி செய்தது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இதில் எனக்கு உள்ள வருத்தம் ஒன்றுதான்: வெல்டு வைத்த ஸ்டெம்மும் கடைந்து இறக்கிய ஸ்டெம்மும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. ஒழுங்காகச் செய்கிறவனும் ஒளிந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது. ஒளிந்து செய்யும் வேலையை யார் சோதிப்பது?

ஆனால் 2019-இல் திருத்திய அதே 52-வது பிரிவு, மாற்றங்களுக்கான தரத்தையும் நிபந்தனைகளையும் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்காவது அதைப் பயன்படுத்தலாமே. 15 வருடம் தாண்டிய வண்டியை ஆர்.சி. புதுப்பிக்க எப்படியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஆர்.சி.யிலேயே பதிவாகியிருக்கிறது, அதை டேப் வைத்து அளந்துவிடலாம். ஸ்டெம்மைக் கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் கூடுதலாகும். அதற்கு ஒரு கட்டணம் வைத்தாலும் வாத்தியார் மாதிரி ஆட்கள் சந்தோஷமாகக் கட்டுவார்கள்.

இதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால் தங்கள் நிருபரை அனுப்பிவையுங்கள். பாதி விரிசல் விட்ட வெல்டிங் ஸ்டெம் ஒன்றை அறுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன், படம் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
சைதாப்பேட்டை, வேலூர்.