கோரையாற்றுக் கரைக்கு ஓர் அட்டை

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவலுக்கென்று நீ அனுப்பிய மூன்று அட்டை மாதிரியும் பார்த்தாயிற்று. அம்மாவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. வயல், சூரியன், மாடு, கோபுரம் எல்லாம் இருக்கிறதாம். எனக்கு அதில் பிடிக்காததும் அதேதான். நாவலில் உள்ளதையெல்லாம் அட்டையில் ஏற்றிவிட்டு, தலைப்பைத் தேடவைத்திருக்கிறாய்.

போனில் அந்த அட்டையை ஓர் அங்குல உயரத்துக்குச் சுருக்கிப் பார். இணையத்தில் வாங்குகிறவன் கண்ணில் முதலில் படுவது ஏறக்குறைய அந்த அளவுதான். உன் தலைப்பு அங்கே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. எழுத்துருவைக் குறை சொல்லாதே, குறை சொல்லின் நீளத்தில் இருக்கிறது. 'கோரையாற்றங்கரை' எண்ணினால் எட்டெழுத்து. ஆனால் 'கோ' மூன்று துண்டு, 'யா', 'ரை' இரண்டிரண்டு துண்டு. கண்ணுக்கு எட்டு, இடத்துக்குப் பதின்மூன்று. உன் புத்தகம் டெமி அளவு, அதன் அட்டையின் அகலம் ஐந்தரை அங்குலம். இரண்டு ஓரமும் அரை அங்குலம் விட்டால், அத்தனையும் நாலரை அங்குலத்துக்குள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். சொல்லை இரண்டாக உடைத்தாலோ மேல்வரி 'ங்' என்று மூக்கால் முடிந்து நொண்டும். 'கோரையாற்றுக் கரை' என்று மாற்றிக்கொள். ஒற்று வந்து வரியைத் தானே பிரித்துக் கொடுத்துவிடும். கீழ்வரியில் 'கரை' மட்டும் நிற்கும், அதை அகலம் முழுக்க நீட்டலாம். மேல்வரியின் 'று' கீழே இறங்கினாலும் 'கரை'யில் மேலே ஏறும் குறி ஒன்றும் இல்லை, அதனால் இரண்டு வரியையும் நன்றாக நெருக்கலாம். அங்கே ஒரு 'கி'யோ புள்ளியோ இருந்திருந்தால் இடித்திருக்கும்.

ஆங்கிலப் புத்தக அட்டைகளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டிருக்கிறாய். தமிழுக்கு அது ஆகாது. 'கோ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் 'க' அநாதையாக நிற்கிறது. சாஃப்ட்வேரில் இருக்கும் போல்டு பட்டனையும் தொடாதே. அது எழுத்தின் கோடுகளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதிவிடும், 'ண', 'ஞ' மாதிரி எழுத்துகளின் சுழி அடைத்துப்போகும். தடித்த எழுத்து வேண்டுமானால் தடித்ததாகவே வரைந்த எழுத்துருவை எடு. அனெக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், பாலூ தம்பி எல்லாம் இலவசம், விற்பனைப் புத்தகத்திலும் போடலாம். ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி உட்கார்ந்தால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான லேஅவுட்டைத் தேர்ந்தெடு, சரியாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு எழுத்தை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித்தான் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். மாற்றாத ஃபைல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள், கடைசி நேரத்தில் ஒற்றுப்பிழை கண்ணில் படாமல் இருக்காது.

படத்துக்கு வருவோம். அந்த வயல் படத்தில் பின்னால் நீலமாய் மலை தெரிகிறதே, கவனித்தாயா? கோரையாறு பிரியும் நீடாமங்கலத்தில் ஏது மலை! வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு மதகில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தரை தட்டையாகத்தான் இருக்கும். வெளியூர்க்காரனுக்கு உறுத்தாது. டெல்டாக்காரன் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பே சிரித்துவிடுவான். ஏஐ-யில் வரைந்தாலும் இதே கதைதான், நாற்றுமுடியைக் கோதுமைக் கதிர் மாதிரி போட்டுவிடும். அதோடு, அப்படி வரைந்த படம் என்றால் நாமே புத்தகம் வெளியிடும் அமேசான் கேடிபி தளத்தில் ஏற்றும்போது அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒரே ஒரு பொருளை எடு. உன் நாவலில் மதகுத் தூணில் இருக்கும் தண்ணீர் அளவுப் பலகை நாலைந்து இடத்தில் வருகிறது. கறுப்பும் வெள்ளையுமாய் அந்தப் பலகை, அடியில் பாசி படிந்த கோடு, அந்தக் கோட்டுக்கு வெகு கீழே தண்ணீர். இவ்வளவு போதும். கதை தெரியாதவனுக்கும் ஏதோ குறைந்துபோயிருக்கிறது என்று பட்டுவிடும். நீயே போய் எடுத்தால் உரிமைப் பிரச்சினையும் இல்லை. ஓவியரிடம் வரையச் சொன்னால் அச்சு, மின்னூல், போஸ்டர் மூன்றுக்கும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள். படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமாகவோ சுவராகவோ இருக்கட்டும், தலைப்பு அங்கேதான் நிற்கப்போகிறது. முன்னட்டைக்கு, அச்சடித்த பிறகு வெட்டிப்போகும் வெட்டுவிளிம்பும் சேர்த்து, 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறக்குறைய 1700க்கு 2630 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாக்கில் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், அச்சில் மங்கும். டாக்குமெண்டாக அனுப்பு.

ரொம்பப் பேர் கோட்டை விடுவது புத்தகத்தின் முதுகில்தான். 256 பக்கம் என்றால், சேர்த்து அச்சாகி மடியும் 16 பக்கத் தொகுப்பான ஃபாரமாக 16 ஃபாரம், 128 தாள். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 12.8. அதே பக்கங்களை 0.125 கனமுள்ள தாளில் அடித்தால் 16. ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற எடை, ஒன்றாக இருந்தாலும் மில்லுக்கு மில் கனம் மாறும். மூன்று மில்லிமீட்டர் தப்பினால் முதுகில் இருக்க வேண்டிய பெயர் முன்னட்டைக்குச் சரிந்து வந்து நிற்கும். அதனால் பக்க எண்ணிக்கை முடிவான பிறகு, அச்சடிக்கப்போகும் அதே தாளில் அத்தனை பக்கத்துக்கும் அச்சில்லாத மாதிரிப் புத்தகம், டம்மி, ஒன்று கட்டித்தரச் சொல்லி, அதை அளந்து முதுகைப் போடு. 13 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்னட்டை 140, முதுகு 13, முன்னட்டை 140, இரண்டு பக்கமும் வெட்டுக்கு மூன்று மூன்று, மொத்தம் 299. உயரம் 216 கூட்டல் 6, ஆக 222.

முதுகுக்குத் தனி நிறம் கொடுத்திருக்கிறாய், எடுத்துவிடு. பைண்டிங்கில் ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படித் தள்ளத்தான் செய்யும், அந்த நிறக்கோடு கோணலைக் காட்டிக்கொடுத்துவிடும். முன்னட்டை நிறமே முதுகைச் சுற்றி வரட்டும். முதுகு எழுத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் விடு. புத்தகத்தை முன்னட்டை மேலே தெரியப் படுக்கவைத்தால் முதுகெழுத்து நேராகப் படிக்கவர வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சியில் அலமாரியில் செருகிவிட்டார்களானால் உனக்கு மிஞ்சுவது அந்த 13 மில்லிமீட்டர்தான்.

நிறத்தை அச்சகத்தின் நாலு மைக் கணக்கான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றிய பிறகே முடிவு செய். திரையில் பளபளக்கும் நாற்றுப்பச்சை மையில் வராது, சோர்ந்துதான் தெரியும். பின்னட்டையில் இருக்கும் சின்ன எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும். நாலு மையும் கலந்த கறுப்பானால், ஒரு மை மேல் இன்னொன்று சரியாகப் பொருந்தும் ரெஜிஸ்ட்ரேஷன் கொஞ்சம் விலகினாலே எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் நிழலாடும். பின்னட்டைக்கு நூறு சொல் போதும். நீ எழுதியிருப்பது கதைச் சுருக்கம், முடிவைக்கூடச் சொல்லிவிட்டாய்!

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. பார்கோடு வெள்ளைப் பெட்டியில் கறுப்பாக, 37க்கு 26 மில்லிமீட்டர். அழகுக்காகச் சிவப்புக் கோடு போட்டால், ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்துக்கு அது வெள்ளையாகத்தான் தெரியும்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, அதன் மேல் பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலமான மேட் லேமினேஷன். இதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டையின் உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் படலம் விரியாது. அதனால் அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு வாயைப் பிளக்கும். போர்டின் இழையோட்டம், அதாவது நார்கள் ஓடும் திசை, முதுகுக்கு இணையாகப் போகிறதா என்று கேட்டுக்கொள், குறுக்காகப் போனால் முதுகோரம் அலை அலையாக நெளிந்து பசையிலும் விரிசல் விடும். கட்டிய புத்தகங்களை உடனே பார்சல் போடவிடாதே, பாரம் ஏற்றி ஒருநாள் வைக்கச் சொல். மேட் லேமினேஷனில் அடர்கறுப்பு வேண்டாம், விரல்தடமும் உரசலும் அப்படியே தெரியும்.

மின்னூலுக்கு இதே ஃபைலை அனுப்பிவிடாதே. அங்கே 1600க்கு 2560 பிக்சல், திரைக்கான ஆர்ஜிபி நிறம். டெமியைவிடக் கொஞ்சம் ஒல்லி, தலைப்பை மறுபடி அமைக்க வேண்டும்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அட்டையை முழு அளவில் கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டி, ஒரு பழைய டெமி புத்தகத்தின் மேல் சுற்றி, அலமாரியில் மற்ற புத்தகங்களுக்கு நடுவே வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று பார். தீபாவளிக்கு வரும்போது அதை அப்படியே எடுத்து வா. அம்மாவிடம் முதலில் காட்டாதே, மாடு எங்கே என்று கேட்பாள்.

அன்புடன்,
அப்பா